சுளுக்கு என்று சொன்னார்கள்

குதித்தது சாந்தாதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் வேறு யாரும் இதைச் சொல்லப் போவதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், தை மாதம், அரியலூரில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். விக்கிரமங்கலத்திலிருந்து மூன்று வண்டி கட்டிப் போனார்கள். கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலம் பெண்டுபிள்ளைகள் எல்லோரையும் டாக்கீஸ் கொட்டகைக்கு அழைத்துப் போனார் சித்தப்பா. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். படத்தில் ஒரு ராஜகுமாரி வந்தாள். அப்பனைச் சிறையில் போட்ட மந்திரியைப் பழிவாங்க ஆண் வேஷம் கட்டிக்கொண்டு, கோட்டை மதிலின்மேல் ஓடிவந்து, கீழே போய்க்கொண்டிருந்த வண்டியில் குதித்தாள். விழவில்லை. முழங்காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, பூனைபோல உட்கார்ந்து எழுந்தாள்.

பெண்கள் பக்கத்தில் "அடியாத்தீ!" என்று ஒரே கூச்சல். சாந்தாவின் அம்மா சுந்தராம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாந்தா கூச்சல் போடவில்லை. அவளுக்குப் பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டும் கத்திச் சண்டையும் ராஜகுமாரனும் அவள் கண்ணில் நிற்கவில்லை. முழங்கால் எவ்வளவு மடங்கியது, எந்தக் கை ஊன்றியது, தலை எந்தப் பக்கம் சாய்ந்தது, இதையே நினைத்துக்கொண்டு வண்டியில் ஊர் வந்து சேர்ந்தாள்.

அடுத்த இரண்டு வாரம் தெருவில் பிள்ளைகள் யாரும் முழுசாக இல்லை. பனைமட்டைக் கத்தியால் வெட்டிக்கொண்டதில் நடராசனுக்கு முன்பல் போயிற்று. மாமரக் கிளையில் கயிறு கட்டி ஆடி, கயிறு அறுந்து, கணக்குப்பிள்ளை மகன் புருவம் கிழிந்து வந்தான். சாந்தாவின் அண்ணன் அமிர்தலிங்கம் வீட்டுக் கன்றுக்குட்டியைக் குதிரையாக நினைத்து ஏறப்போய், அது உதறியதில் முதுகெல்லாம் சிராய்த்துக்கொண்டான். ஒவ்வொரு காயத்துக்கும் அந்தந்த வீட்டில் மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். "ஆம்பளப் புள்ளைன்னா நாலு அடி படத்தான் செய்யும்" என்றார்கள். நடராசன் ஓட்டைப்பல்லைக் காட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினான்.

மாசி பிறந்ததும் களத்திலிருந்து வைக்கோல் வரத் தொடங்கியது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஆள் உயர மதில். அதை ஒட்டி வண்டிப்பாதை. வைக்கோலை இறக்கிவிட்டுக் களத்துக்குத் திரும்பும் வண்டியில் அடியில் ஒரு முழத்துக்கு வைக்கோல் கிடக்கும். சாந்தா இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மதில்மேல் ஏறி நின்றாள்.

"உன்னால முடியாதுடி" என்றான் அமிர்தலிங்கம். அவனும் மதில்மேல்தான் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். "அவ சினிமாக்காரி. கீழ மெத்தை போட்டிருப்பாங்க."

"அப்ப நீ குதியேன்."

"குதிக்கிறதுன்னா நாளைக்கே குதிப்பேன்."

"நாளைக்கு என்ன, நல்ல நாளா பார்த்துச் சொன்னாங்க? வண்டி இப்பத்தானே வருது."

வண்டி வந்தது. ஓட்டிவந்த முருகையன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சாந்தா குதித்துவிட்டாள். முழங்கால் மடங்கியது. கை ஊன்றியது. வைக்கோல் சரசரத்து அவளை வாங்கிக்கொண்டது. எழுந்து நின்றபோது வண்டி போய்க்கொண்டே இருந்தது, அவளும் விழாமல் நின்றுகொண்டே இருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ கதவு திறந்து காற்று வந்த மாதிரி இருந்தது. அப்படி ஒன்று தனக்குள் இருந்ததே அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஏ பாப்பா! இது என்ன கூத்து? ஆண்டை பார்த்தா என் தோலை உரிச்சுடுவாரு!" என்று முருகையன் கத்தினான். கத்தினாலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, வா!" என்று சாந்தா கையை ஆட்டினாள்.

அந்தச் சிரிப்பையும் கையாட்டலையும் அமிர்தலிங்கத்தால் தாங்க முடியவில்லை. மதில்மேல் ஓடிவந்து, வண்டி மதிலைத் தாண்டப்போகிற கடைசி இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான். கால் வண்டியின் ஓரத்தில் நட்டிருந்த முளைக்குச்சியில் மாட்டியது. விழுகிறவன் கைக்குச் சாந்தாவின் பாவாடைதான் அகப்பட்டது. இரண்டு பேரும் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தார்கள். சாந்தா கீழே, அவன் மேலே. அவளுடைய வலது கை அவளுக்கும் கட்டாந்தரைக்கும் நடுவே மடங்கிக் கிடந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

அமிர்தலிங்கம் "அய்யோ காலு" என்று அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

அவனைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டு வைத்தியர் அரியமுத்துவுக்கு ஆள் போயிற்று. சுற்றுப்பட்டில் எலும்பு கட்ட அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அந்த ஊரில் எல்லோரும் நம்பினார்கள்.

சாந்தா வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னாலேயே போனாள். சுந்தராம்பாள் மகனுடைய காலைப் பார்த்துவிட்டு, திரும்பி மகளுடைய கையைப் பார்த்தாள். அவளை நெல்லுக் குதிர் இருந்த உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். மணிக்கட்டுக்கு மேலே கை வீங்கி, லேசாக வளைந்திருந்தது.

"சுளுக்கு" என்றாள் சுந்தராம்பாள்.

"இல்லம்மா, ஒடிஞ்சிருக்கு. சத்தம் கேட்டுச்சு."

"வாயை மூடு. சுளுக்குங்கிறேன்ல? யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லணும். அந்த அரியமுத்து வந்தா இந்தப் பக்கமே தலை காட்டாதே."

"ஏம்மா?"

சுந்தராம்பாள் கதவைத் திறந்துகொண்டு மகனிடம் ஓடினாள். காரணம் சாந்தாவுக்குத் தெரியும். அரியமுத்துவுக்கு உடையார்பாளையம் பக்கம், மாமா வீடு இருக்கிற ஊர். காலையில் ஒரு கட்டுப் போட்டால் மாலைக்குள் ஏழு ஊருக்குச் சொல்லிவிடுவார். அவரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. தான் கட்டின கட்டில் அவருக்கு அவ்வளவு பெருமை. மாமா மகனுக்குச் சாந்தா என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசியாகிவிட்டது. ஆனால் மாமாவின் மனைவி கிருஷ்ணம்மாளுக்குத் தன் தம்பி மகளைக் கொண்டுவர ஆசை. நல்லதாக ஒரு சாக்குக் கிடைக்காமல் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "மதில் ஏறிக் குதிச்சுக் கையை ஒடிச்சுக்கிட்ட பொண்ணு" என்பதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

அன்று அரியமுத்து வந்தார். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்து, மூங்கில் பத்தைகளை வைத்து, அமிர்தலிங்கத்தின் காலைக் கட்டினார். கடையில் துணி கண்ட்ரோல், அளந்துதான் கொடுப்பார்கள். கட்டுத் துணிக்காகச் சுந்தராம்பாள் தன்னுடைய நல்ல நூல்புடவையையே கிழித்துக் கொடுத்தாள். கிழிகிற சத்தம் உள்ளறை வரை வந்தது. ஒரு புடவையில் எத்தனை கட்டுப் போடலாம் என்று சாந்தா உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் நாள் பிரிச்சு ரெண்டாங்கட்டு. இருபத்திரண்டாம் நாள் மூணாங்கட்டு. அப்புறம் தம்பி குதிரை மாதிரி ஓடலாம்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று விளக்கு வைத்ததும் சுந்தராம்பாள் வேப்பெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள். சுளுக்கென்று சொல்லிவிட்டால் சுளுக்குக்கு உள்ளதைச் செய்யத்தானே வேண்டும்? முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தி வழித்தாள். சாந்தாவுக்குக் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. தோலுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று உரசி நகர்வது அவளுக்கே தெரிந்தது. அம்மாவின் விரலுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் எப்படி இருக்கும்?

அடுத்த நாளும் வழித்தாள். அதற்கடுத்த நாளும். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தைச் சாந்தா உற்றுப் பார்ப்பாள். அழுதிருந்தால், திட்டியிருந்தால்கூட, அவளுக்கு ஏதாவது ஒன்று கையில் கிடைத்திருக்கும். அம்மாவின் முகமோ பாத்திரம் தேய்க்கிறவளின் முகம் மாதிரி இருந்தது. ஒரு சமயம், அம்மா இதைச் சுளுக்கென்றே நம்பத் தொடங்கிவிட்டாளோ என்று தோன்றியது. அந்த நினைப்பு வலியைவிட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது.

கூடத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அமிர்தலிங்கம், தான் ஓடுகிற வண்டியில் எப்படிக் குதித்தான் என்று சொன்னான். முதல் நாள் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். நான்காம் நாளுக்குள் முழங்காலை மடக்கியதும் கையை ஊன்றியதும் பூனைபோல எழுந்து நின்றதும் எல்லாம் அவனுடையதாகிவிட்டது.

"சாந்தா குறுக்க வந்து புடிச்சு இழுத்துட்டா. இல்லன்னா விழுந்திருக்கவே மாட்டேன்" என்றான்.

"பொட்டப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்றார் அப்பா வேணுகோபால். அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. முருகையன் ஒரு தடவை, "இல்லீங்க ஆண்டே, பாப்பாதான் மொதல்ல..." என்று வாயெடுத்தான். "வண்டியைப் பார்த்து ஓட்டத் தெரியல, நீ பேச வந்துட்டியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் அவன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான்.

எலும்பு போனாலும் போகட்டும் என்றிருந்தது சாந்தாவுக்கு. அந்தக் குதியையும் அல்லவா எடுத்துக்கொண்டான்!

எட்டாம் நாள் அரியமுத்து வந்தபோது, அம்மா சொன்னபடி சாந்தா உள்ளறையில்தான் இருந்தாள். கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டே அவர், "தாயி, கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்று கேட்டார். அம்மாவின் இரண்டு கையும் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல், "ஏ சாந்தா, மோர் கொண்டா" என்றாள்.

சாந்தா செம்பை இடது கையில் எடுத்துக்கொண்டு போனாள். வலது கை தாவணிக்குள் இருந்தது. பாவாடை சட்டையோடு திரிந்தவளுக்கு அந்த வாரம்தான் அம்மா தாவணி போட்டுவிட்டிருந்தாள்.

அரியமுத்து செம்பை வாங்காமல் அவளையே பார்த்தார். "என்ன பாப்பா, பெரிய மனுசனுக்கு இடது கையால குடுக்கிறே?"

சாந்தா அம்மாவைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். இந்த மனிதர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், மாவு குழைத்திருக்கிறது, பத்தை இருக்கிறது. ஒரு வார்த்தை போதும்.

"அவளுக்கு மட்டு மரியாதை ஒண்ணும் கிடையாது வைத்தியரே" என்றாள் சுந்தராம்பாள். "செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு. கீழ வச்சுட்டு உள்ள போடி, தறுதலை."

செம்பைக் கீழே வைத்தபோது மோர் தளும்பிப் பாவாடையில் கொட்டியது. உள்ளே வந்து குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மரியாதை தெரியாதவள். தறுதலை. அம்மாவின் பொய்யைத் தாவணிக்குள் மூடிக்கொண்டு போய், அதற்குப் பட்டமும் வாங்கிக்கொண்டு வந்தாயிற்று. கோபம் என்பது சட்டென்று வந்து சட்டென்று போகிற ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தாள். இது போகவில்லை. சோறு தின்னும்போதும் தலை பின்னிக்கொள்ளும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு அவள் கையைக் காட்ட மறுக்கவில்லை, அழவுமில்லை. அம்மா வழிக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடியத் தொடங்கியது. வடிய வடியக் கையின் வடிவம் வெளியே வந்தது. நடுவில் ஒரு மேடு. அதிலிருந்து மணிக்கட்டு வரை, ஏர்க்காலில் வளைவு இருக்குமே, அப்படி ஒரு வளைவு. பிடிக்க முயன்றால் செம்பு நழுவியது. கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காமல் கொட்டிப் போயிற்று.

"போகப் போகச் சரியாயிடும்" என்றாள் சுந்தராம்பாள்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் கிருஷ்ணம்மாள் அத்தை வந்து இறங்கினாள். மருமகனைப் பார்க்கவென்று ஒரு வாழைத்தாரும் பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்திருந்தாள். மாமா வரவில்லை. அவள் வந்த சற்று நேரத்துக்கெல்லாம் அரியமுத்துவும் வந்துவிட்டார். ஒரே நாளில் இரண்டு பேரும் வருவார்கள் என்று சுந்தராம்பாள் எதிர்பார்க்கவில்லை. சாந்தாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தாவணியை இழுத்துச் செருகி, காதோடு சொன்னாள்:

"அத்தைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஓரமா உக்காரு. கையை வெளிய எடுத்தே, என்னை உசிரோட பார்க்க மாட்டே."

சாந்தா ஓரமாக உட்கார்ந்தாள்.

"குதிச்சானாமே எங்க சிங்கக்குட்டி!" என்று அத்தை அமிர்தலிங்கத்தின் கன்னத்தைக் கிள்ளினாள். அவன் மறுபடி ஒரு முறை குதித்துக் காட்டினான், வாயால்.

அரியமுத்து கட்டைப் பிரித்தார். கடைசிச் சுற்றை எடுத்துவிட்டு, பத்தைகளை ஒவ்வொன்றாக உருவி, வெந்நீரால் காலைத் துடைத்தார். பிறகு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"எங்க ஒடிஞ்சுதுன்னு யாராவது கண்டுபுடிங்க பார்ப்போம்! நூல் புடிச்ச மாதிரி நிக்குது பாருங்க."

கால் நேராகத்தான் இருந்தது. வெளுத்து, கொஞ்சம் மெலிந்து, வளைவே இல்லாமல் நீண்டு கிடந்தது. சாந்தா அதையே பார்த்தாள். ஒரே வண்டியிலிருந்து ஒரே நேரத்தில் விழுந்தோம். அவனுடையது இது. எழுந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. அரியமுத்துவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தாவணியை விலக்கி, வலது கையை அவர் மடியில் வைத்தாள்.

"இதையும் பாருங்க."

அரியமுத்து இரண்டு விரலால் கையைத் தடவிக்கொண்டே போனார். மேட்டில் வந்து விரல் நின்றது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கேயோ போயிற்று.

"எப்ப?"

"அண்ணனுக்கு ஒடிஞ்சப்பத்தான்."

"யாரு இதை வழிச்சது?"

சாந்தாவின் கண் அம்மா பக்கம் போயிற்று. அவர் நிமிர்ந்து சுந்தராம்பாளைப் பார்த்தார். "ஒடிஞ்ச கையை வழிச்சிருக்கீங்களே தாயி! மாட்டுக்கு ஒடிஞ்சாகூட இப்படிச் செய்ய மாட்டாங்களே! நான் இதே இடத்துல ரெண்டு தடவை வந்து உக்காந்துட்டுப் போயிருக்கேன்."

"சின்னச் சுளுக்குன்னு..." என்று தொடங்கினாள் சுந்தராம்பாள்.

"சுளுக்கா?" என்றாள் கிருஷ்ணம்மாள். அவள் ஏற்கெனவே எழுந்து கிட்டே வந்து கையைக் குனிந்து பார்த்தாயிற்று. "ஏன் சுந்தரம், இதைத்தான் தாவணி போட்டு மூடி வச்சிருந்தியா? நாங்க ஊர்ப்பயலுக்கா பொண்ணு கேக்குறோம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்ன தூக்கியா போட்டிருப்போம்?" அவள் குரலில் வருத்தம் இருந்தது. கண்ணில் இல்லை.

"இன்னும் பச்சை எலும்புதான்" என்றார் அரியமுத்து. அவர் அத்தையைக் கவனிக்கவே இல்லை. "இன்னிக்கு மறுபடி ஒடிச்சு வச்சா நேராக்கிடலாம். பத்து நாள் கழிச்சுன்னா நானும் முடியாதும்பேன், எவனும் முடியாதும்பான். அப்புறம் ஆயுசுக்கும் இந்தக் கைதான்."

"வேணாங்க" என்றாள் சுந்தராம்பாள் அவசரமாக. "புள்ள தாங்க மாட்டா. இருக்கிறபடி இருந்துட்டுப் போவட்டும். ஏங்க, நீங்க சொல்லுங்களேன்."

வேணுகோபால் தொண்டையைச் செருமினார். வாசல் பக்கம் பார்த்தார்.

"மூணு வாரமா தாங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்றாள் சாந்தா. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. "தினமும் நீதானே ஒடிச்சே? இவரு ஒரு தடவை ஒடிக்கட்டும். அப்புறம் இன்னொண்ணு. வண்டியில குதிச்சது அவன் இல்ல. நான். அவன் விழுந்தான். என் கை மேல விழுந்தான்."

"பொய்!" என்றான் அமிர்தலிங்கம்.

"முருகையனைக் கூப்பிடட்டுமா?"

அவன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"யாரு குதிச்சா எனக்கென்ன? உளுந்தை ஊறப்போடுங்க. ஒரு ஆள் தோளைப் புடிக்கணும், நல்லா அழுத்திப் புடிக்கணும்" என்றார் அரியமுத்து.

கிருஷ்ணம்மாள் தன் வண்டிக்காரனைக் கூப்பிட்டு மாட்டைப் பூட்டச் சொன்னாள். "நான் வரேன் சுந்தரம். இன்னொரு நாள் பேசிக்குவோம்." குங்குமம் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குகிற வரை சுந்தராம்பாள் நடுக்கூடத்தில் நின்றாள். ஒரு கண் வாசலில், ஒரு கண் மகளிடம். இப்போது ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்தால் ஒருவேளை ஏதாவது மிஞ்சும். அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சாந்தா அதை முழுக்கப் படித்தாள்.

சுந்தராம்பாள் வந்து மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தோளைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை வேர்த்துச் சொதசொதவென்று இருந்தது. கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

தெருவில் மாட்டுச் சலங்கை நகர்ந்து போயிற்று. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவளிடம் கொஞ்சம் இளகிவிட வேண்டும் என்று சாந்தாவுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, மனசு அந்தப் பக்கம் நகரவில்லை. தோளில் இருந்த கைகளைப் பார்த்தாள். இத்தனை நாள் எண்ணெய் தொட்டு வழித்த அதே விரல்கள், அதே பலத்தோடு.

"மூச்சை இழுத்துப் புடிச்சுக்க பாப்பா. பல்லைக் கடிச்சுக்க. சத்தம் வரக்கூடாது, ராசாத்தி மாதிரி இருக்கணும்" என்று சொல்லி அரியமுத்து தன் முழங்காலை அவள் கைக்கு அடியில் கொடுத்தார்.

சாந்தா பல்லைக் கடித்துக்கொள்ளவில்லை. அவர் அழுத்துவதற்கு முன்பே, வலி வருவதற்கு முன்பே, வாயைத் திறந்து தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தத் தொடங்கினாள்.